ஃபிரிட்ஜுக்குத் தண்ணீர் லைன் கொடுக்கப் போகிறீர்களா? ஒரகடத்து வீட்டில் ஐஸ் ஏன் சரியாக விழவில்லை?

"அண்ணே, ஐஸு பொரிகடலை சைஸுக்குத்தான் விழுது. மெஷின் போச்சா?"

ஒரகடத்தில் இருந்து தம்பி போன் செய்தபோது முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா மகன். வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. தீபாவளித் தள்ளுபடியில் ஆசை ஆசையாக ஒரு 'சைடு பை சைடு' ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தான். கதவைத் திறக்காமலே டம்ளரை வைத்துத் தண்ணீர் பிடிக்கலாம், பொத்தானை அழுத்தினால் ஐஸ் கொட்டும். வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் வேலையாக அதைத்தான் காட்டுவான்.

பெட்டியை இறக்கிவிட்டுப் போன டெக்னீஷியன், "தண்ணி லைன் நீங்கதான் பார்த்துக்கணும் சார். பிளம்பரை வெச்சு ஒரு டீ அடிச்சிருங்க" என்று சொல்லியிருக்கிறார். பக்கத்துத் தெரு பிளம்பர் வந்தார். பாத்திரம் கழுவும் சிங்க்குக்குப் போகும் பைப்பை வெட்டி டீ போட்டு, கால் இன்ச் டியூப் இழுத்து, அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். முதல் மாதம் எல்லாம் ஜோராக இருந்தது. அப்புறம் ஐஸ் சின்னதாகிக்கொண்டே வந்தது. பிறகு கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு விழவே மறுத்தது. உருகிய ஐஸின் அடியில், டம்ளரில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி வேறு.

மெஷின் போகவில்லை. அதற்குள் போன தண்ணீரில்தான் விஷயம் இருந்தது. ஒன்று, அந்தத் தண்ணீருக்கு அழுத்தம் போதவில்லை. இரண்டு, அது உப்புத் தண்ணீர்.

இந்த இரண்டும் தம்பி வீட்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், படப்பை என்று இந்தப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள், அடுக்குமாடியில் குடிபோகிறவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டியது. வாங்குவதற்கு முன்னால் யோசித்தால் இன்னும் நல்லது.

பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

ஆர்ஓ மெஷினில் பார்த்திருப்பீர்களே, அதே கால் இன்ச் டியூப்தான் ஃபிரிட்ஜின் பின்பக்கம் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு சோலனாய்டு வால்வு இருக்கும். மின்சாரம் வந்தால் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். கரண்ட் போனால் வீடு முழுக்கத் தண்ணீர் ஓடிவிடுமோ என்று சித்தி பயந்தார். அந்தப் பயம் வேண்டாம். கரண்ட் இல்லாதபோது வால்வு மூடிய நிலையில்தான் இருக்கும்.

நீங்கள் டம்ளரை அழுத்தும்போது வால்வு திறந்து தண்ணீர் வருகிறது. ஐஸ் மேக்கர் வேறு மாதிரி. பல மாடல்களில் அது தண்ணீரை அளந்து பிடிப்பதில்லை, நேரத்தைத்தான் கணக்கு வைக்கிறது. வால்வைச் சில நொடிகள் திறக்கும், உடனே மூடும். அந்த நொடிகளில் தட்டு நிரம்பிவிடும் என்பது அதன் நம்பிக்கை. குழாயில் வேகம் இல்லாவிட்டால் அதே நொடிகளில் பாதித் தட்டுதான் நிரம்பும். பொரிகடலை ஐஸ் வந்தது இப்படித்தான்.

கட்டி கட்டியாக ஒட்டியதற்குக் காரணம் இன்னும் விசித்திரமானது. வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. மூடும் நேரத்தில் அதை இறுக்கி அழுத்திப் பிடிப்பது ஸ்பிரிங் மட்டும் இல்லை, பின்னால் நிற்கும் தண்ணீரின் அழுத்தமும்தான். அழுத்தம் குறைந்தால் சவ்வு சரியாக உட்காராது. சொட்டுச் சொட்டாகக் கசியும். கசிந்த தண்ணீர் ஏற்கெனவே இருக்கும் ஐஸ் மேல் விழுந்து உறைந்து, எல்லாவற்றையும் ஒரே பாறையாக ஒட்டிவிடும். அதாவது, அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைவாக வரும் என்று நினைக்கிறோம். இங்கே தேவையில்லாத நேரத்திலும் வரும்.

மாடித் தொட்டிக்கு எவ்வளவு பலம்?

ஃபிரிட்ஜோடு வரும் கையேட்டை யாரும் படிப்பதில்லை. நானும்தான். ஆனால் தண்ணீர் இணைப்புப் பக்கத்தை மட்டுமாவது பாருங்கள். பெரும்பாலான கையேடுகளில் 20 முதல் 120 பிஎஸ்ஐ வரை அழுத்தம் வேண்டும் என்று போட்டிருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர இன்ச் பரப்பில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு. சைக்கிள் டயருக்குக் காற்று அடிக்கும்போது கேட்டிருப்பீர்கள்.

நம் ஊர் வீடுகளில் தண்ணீருக்குப் பலம் தருவது உயரம் மட்டுமே. மாடியில் தொட்டி, கீழே குழாய். இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: தண்ணீர் ஏறத்தாழ 2.3 அடி உயரத்தில் நின்றால் ஒரு பிஎஸ்ஐ. 20 பிஎஸ்ஐ வேண்டுமென்றால் 46 அடி உயரம் வேண்டும்.

தம்பி வீடு தரைத்தளம், மேலே ஒரு மாடி, அதற்கு மேல் தொட்டி. தளத்துக்குப் பத்தடி என்று வைத்தால் இருபது, தொட்டி நிற்கும் மேடை நான்கு. மொத்தம் 24 அடி. கிடைப்பது பத்து பிஎஸ்ஐ சொச்சம். வழியில் எல்போ, டீ, ஃபில்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மாடியில் குடியிருப்பவர் நிலைமை இன்னும் மோசம், ஆறு பிஎஸ்ஐ தேறுவதே கஷ்டம். பன்னிரண்டு மாடி அடுக்ககத்தில் கீழ்த்தளத்துக்காரர்களுக்குத் தாராளமாகக் கிடைக்கும். கடைசி மாடிக்காரருக்குத் தம்பியின் கதைதான்.

"குழாயைத் திறந்தா பக்கெட் ஒரே நிமிஷத்துல ரொம்புதே, அப்புறம் என்ன?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அகலமான பைப்பில் தண்ணீர் நிறையக் கொட்டுவதும், அழுத்தமாக நிற்பதும் ஒன்றல்ல. பக்கெட்டால் அழுத்தத்தை அளக்க முடியாது. ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்கு பிரஷர் கேஜ் கிடைக்கிறது. குழாயில் திருகி, மற்ற குழாய்களை மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். அடுத்து யாரையாவது சிங்க் குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். முள் எவ்வளவு சரிகிறதோ, அதுதான் உங்கள் வீட்டின் உண்மை நிலவரம்.

இந்தப் பெட்டியின் பிறப்பிடம் வேறு என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் தெருக் குழாயிலேயே 40 முதல் 80 பிஎஸ்ஐ வரை இருபத்துநான்கு மணி நேரமும் நிற்கும். அங்கே ஃபிரிட்ஜுக்கு லைன் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. நம் நாட்டில் மத்திய பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999 குடிநீர்க் கையேடு, ஒரு தளமே உள்ள வீடுகளுக்குத் தெருக் குழாயில் 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12 மீட்டர், மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தம் இருந்தால் போதும் என்றது. 7 மீட்டர் என்றால் வெறும் 10 பிஎஸ்ஐ. அந்தக் கணக்கே முழுதாக நிறைவேறினாலும் ஒரு தள, இரண்டு தள வீடுகளில் ஃபிரிட்ஜுக்குப் போதாது. நடப்பில் ஊராட்சிக் குழாயில் தண்ணீர் வருவதே காலையில் கொஞ்ச நேரம்தான். அந்த லைனில் மோட்டாரை மாட்டி உறிஞ்சலாமா என்றால், கூடாது. அது விதிமீறல், தெருக்கோடி வீட்டுக்காரரின் தண்ணீரையும் சேர்த்து இழுப்பது. போதாததற்கு, காலியான குழாயை உறிஞ்சினால் விரிசல் வழியே சாக்கடையும் உள்ளே வரும்.

எந்தத் தண்ணீர்?

இந்தப் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்குப் பெயர் ஒன்றல்ல. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, கேன் தண்ணி, லாரித் தண்ணி. சிங்க்குக்கு வருவது பெரும்பாலும் போர் தண்ணீர். பிளம்பரிடம் "டீ அடிங்க" என்று சொன்னால் அவர் கைக்கு எட்டும் பைப்பில்தான் அடிப்பார். அவர் மேல் தப்பில்லை. எந்த பைப் என்று சொல்ல வேண்டியவர் நாம்.

"ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஃபில்டர் இருக்குண்ணே" என்றான் தம்பி. இருக்கிறது. ஆனால் அது என்ன ஃபில்டர்? பெரும்பாலும் கரி. குளோரின் வாடை, கலங்கல், சில ரசாயனங்கள் ஆகியவற்றைப் பிடிக்கும். தண்ணீரில் கரைந்த உப்பையும் கடினத்தன்மையையும் அது தொடாது. ஏற்கெனவே சுத்திகரித்துக் குழாயில் வரும் நகராட்சித் தண்ணீரை இன்னும் கொஞ்சம் சுவையாக்கத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். போர் தண்ணீரைக் குடிதண்ணீராக மாற்றும் வேலை அதற்குத் தெரியாது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500, 2012) கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு வழியே இல்லை என்றால் 2000 வரை. கடினத்தன்மை 200, வழியில்லையென்றால் 600. தம்பி வீட்டு சிங்க் தண்ணீரில் ஆர்ஓ டெக்னீஷியன் மீட்டரை வைத்தபோது நான்கு இலக்கத்தில் எண் வந்தது. வெள்ளைப் பொடிக்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிட்டது. தண்ணீர் உறையும்போது தூய நீர்தான் முதலில் பனியாகும். உப்பெல்லாம் நடுவே ஒதுங்கும். உருகும்போது கால்சியம் மட்டும் பொடியாக அடியில் தங்கிவிடும். அந்தப் பொடியால் உடனே உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் வால்வின் சின்னத் துவாரத்தில் அது படிந்துகொண்டே போகும். பொடி கண்ணுக்குத் தெரிகிறது. கிருமியும் ஃபுளோரைடும் தெரியாது. சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். கையடக்க டிடிஎஸ் மீட்டர் உப்பின் அளவைச் சொல்லும், கிருமியைச் சொல்லாது.

ஐஸ் விஷயத்தில் சென்னைக்குப் பழைய கதை ஒன்று உண்டு. மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ் 1842-ல் கட்டப்பட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலில் வந்து அங்கேதான் இறங்கியது. இங்கிருந்த கிணற்றுத் தண்ணீரை யாரும் உறைய வைக்க வேண்டியிருக்கவில்லை. நமக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு வேடிக்கை. இந்தத் தொழிற்பேட்டைகளின் ஆலைகளுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? கோயம்பேட்டில் இருந்து. சென்னை நகரின் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து, ஆர்ஓ செய்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் ஆலையைச் சென்னைக் குடிநீர் வாரியம் 2019-ல் திறந்தது. அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட்டுகளுக்குக் குழாய் போட்டிருக்கிறார்கள். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்த வருடம் அது. ஆலைகள் ஏரித் தண்ணீரை விட்டுக் கழிவுநீருக்கு மாறியது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் காம்பவுண்டு சுவருக்கு உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு ஆர்ஓ தண்ணீர் பைப்பில் வருகிறது. வெளியே இருக்கும் தொழிலாளி இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறுகிறார். 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலை இங்கேதான் இருக்கிறது. 2024-ல் ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தத்தால் நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டதே, அதே ஆலை. அங்கே தயாராகும் பொருள்களில் ஃபிரிட்ஜும் ஒன்று.

அப்படியானால் என்ன செய்வது?

முதல் வழி, லைனே கொடுக்காமல் இருப்பது. கதவில் தண்ணீர் வரும் ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் குழாய் தேவையில்லை. உள்ளே ஒரு சின்னத் தொட்டி இருக்கும், கையால் ஊற்றி நிரப்பிக்கொள்ளலாம். கடையில் 'நான் பிளம்பிங்' என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். தம்பி ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டதும் சித்தி சொன்னது இதைத்தான்: "எதுக்குடா பைப்பு? கேன்ல இருந்து நானே மொண்டு ஊத்திட்டுப் போறேன்." யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்கள், இரண்டு வருடத்தில் வேறு கம்பெனி, வேறு ஊர் என்று மாறக்கூடியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கலாம். தொட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே லைன் கேட்கும் ஃபிரிட்ஜ் வாங்கியாயிற்று என்றால் ஆர்ஓவில் இருந்துதான் எடுக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் சாதாரண ஆர்ஓவின் தொட்டிக்கு அழுத்தமே கிடையாது. உள்ளே ஒரு பம்ப் ஓடுவது கேட்கும், ஆனால் அது மெம்பிரேனுக்குத் தண்ணீரைத் தள்ளும் பம்ப். சுத்தமான பிறகு தண்ணீர் தொட்டியில் சும்மா தேங்கித்தான் நிற்கிறது. அதன் குழாயில் டியூபை மாட்டி ஃபிரிட்ஜுக்கு விட்டால் சொட்டுக்கூட ஒழுங்காகப் போகாது.

சிங்க்குக்கு அடியில் வைக்கும் ஆர்ஓ வேறு ரகம். அதோடு சின்ன கேஸ் சிலிண்டர் மாதிரி ஒரு உருண்டைத் தொட்டி வரும். உள்ளே ஒரு ரப்பர் பை. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர். நிரம்ப நிரம்பக் காற்று அமுங்கி, தண்ணீரை வெளியே தள்ளத் தயாராக நிற்கும். நிரம்பியிருக்கும்போது 30, 40 பிஎஸ்ஐ வரை தரும். எடுக்க எடுக்க இறங்கும். அதனால் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் சாம்பார் வைத்து முடித்த கையோடு ஐஸ் கேட்டால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். தம்பி கடைசியில் இதற்குத்தான் மாறினான். இப்படி ஆர்ஓ வழியாகக் கொடுக்கும்போது, ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் கரி ஃபில்டர் வீணாக அழுத்தத்தைத் தின்னும். பல மாடல்களில் அதைக் கழற்றிவிட்டு பைபாஸ் பிளக் போடலாம். உங்கள் மாடலில் முடியுமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவர் ஆர்ஓவை மாற்ற மனமில்லாதவர்கள் அதன் தொட்டிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே பிரஷர் சுவிட்ச் உள்ள ஒரு சின்ன பம்ப் வைக்கலாம். குழாய் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். இதே பம்பை வைத்து இருபது லிட்டர் கேனில் இருந்தே ஃபிரிட்ஜுக்கு லைன் கொடுக்கிறவர்களும் உண்டு. கேன் காலியானால் பம்ப் வெறுமனே ஓடாமல் நிற்க ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். மொட்டைமாடியில் வீடு முழுவதற்கும் பிரஷர் பம்ப் வைத்தவர்களுக்கு அழுத்தக் கவலை இல்லை. ஆனால் பலம் வந்துவிட்டது என்பதற்காக உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆகிவிடாது.

இணைக்கும் நாளில்

பிளம்பரை விட ஆர்ஓ டெக்னீஷியன் இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் கருத்து. கால் இன்ச் டியூபும் புஷ் ஃபிட் கனெக்டரும் அவர் தினமும் புழங்கும் சாமான். டியூபைக் கத்தியால் சாய்வாக அறுத்தால் கசியும்; கட்டர் வைத்து நேராக நறுக்கி, கனெக்டருக்குள் ஒருமுறை தட்டுப்பட்ட பிறகும் இன்னொரு அழுத்து அழுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டி உட்காரும். ஃபிரிட்ஜுக்கென்று தனியாக ஒரு வால்வு வையுங்கள், கை எட்டுகிற இடத்தில். வெந்நீர் லைன், சோலார் ஹீட்டர் லைன் பக்கம் போகவே கூடாது. பெட்டிக்குப் பின்னால் ஆறேழு அடி டியூபைச் சுருட்டி விட்டுவையுங்கள், பெருக்குவதற்கு இழுத்தால் பிய்த்துக்கொண்டு வராது.

நம் வீடுகளில் ஃபிரிட்ஜ் சமையலறையில் நிற்பது குறைவு. ஹாலில், வருபவர் கண்ணில் படும்படி வைப்பதுதான் வழக்கம். அப்போது டியூப் இரண்டு அறை தாண்டிப் போகும். தரையோரமாக விட்டால் எலி சும்மா விடாது. எலி கடித்த டியூபில் ஊசி மாதிரி ஒரு ஓட்டைதான் விழும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இரவு முழுக்கப் பீய்ச்சினாலும் காலையில் ஹால் நனைந்த பிறகுதான் தெரியும். பிவிசி கேசிங்குக்குள் விடுங்கள், அல்லது ஸ்டீல் பின்னல் போட்ட ஹோஸ் வாங்குங்கள். செம்புக் குழாய் உறுதியானது, ஆனால் ஆர்ஓ தண்ணீர் செம்பை அரிக்கும். வெயில் படும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் டியூப் போட்டால் உள்ளே பாசி பிடிக்கும்.

இணைத்ததும் சில லிட்டர் தண்ணீரைப் பிடித்துக் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று ஈடு ஐஸையும் கொட்டுங்கள். புது டியூபின் வாடை அதில் இருக்கும். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் சுற்றிவைத்து, சில மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு பேப்பரில் தெரியும். ஃபில்டர் போட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். கோடையில் லாரித் தண்ணீர் கலங்கலாக வந்தால் அதற்கு முன்பே அடைத்துக்கொள்ளும்.

தம்பி வீட்டில் பழைய டீயை அடைத்து, சிங்க்குக்கு அடியில் புது ஆர்ஓ வைத்து, வால்வையும் மாற்றினார்கள். உப்புப் படிந்த பழைய வால்வைக் கழற்றிக் காட்டினார் டெக்னீஷியன். உள்ளே டீக்கடை பாய்லர் அடியில் இருப்பது மாதிரி வெள்ளைப் படலம். "ஆறே மாசம் சார் இது" என்றார். வாரண்டியில் அது சேராது என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்; தண்ணீர் அழுத்தமும் தரமும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறதாம்.

இப்போது ஐஸ் ஒழுங்காக விழுகிறது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது, கேஸை மூடினாயா, மோட்டாரை அணைத்தாயா என்று சித்தி கேட்கும் பட்டியலில் ஃபிரிட்ஜ் வால்வும் சேர்ந்திருக்கிறது.